சந்தனம் வைத்த கறுப்பு பீர்

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் மதுரை வண்டிக்காக நின்றபோது, உலகத்தில் எந்தப் பொருளையும் வாயில் வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. என் பிழைப்பு காபியை ருசி பார்ப்பது. சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காக வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் தாண்டிக்குடி, பட்டிவீரன்பட்டிப் பக்கம் வருவேன். புதுக் கொட்டையை வறுத்துப் பொடித்து வெந்நீர் ஊற்றி, கரண்டி கரண்டியாக உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்பி, மதிப்பெண் போட வேண்டும். கேட்பவர்களுக்குச் சொகுசான வேலையாகத் தெரியும். ஒரு வாரம் தொடர்ந்து செய்து பாருங்கள், நாக்கு செருப்புத் தோலாகிவிடும். வீட்டுக்குப் போய்த் தயிர்சாதம் தின்றுவிட்டுக் குப்புறப் படுப்பதாக இருந்தேன். அதற்குள் அழகு கூப்பிட்டுவிட்டான்.

அழகு என்கிற அழகர்சாமி கல்லூரியில் என் அறைத்தோழன். இருவரும் உணவுத் தொழில்நுட்பம் படித்தோம். நான் காபிக்குப் போனேன், அவன் பெங்களூருக்குப் போய் பீர் காய்ச்சினான். பெரிய ஆலை இல்லை. நாலைந்து அண்டாவில் தங்கள் கையாலேயே காய்ச்சி, அங்கேயே மேஜை போட்டு ஊற்றிக் கொடுக்கும் இடம். அவன் காய்ச்சியதைக் குடிப்பதற்காக ஊரின் மறுகோடியிலிருந்து போக்குவரத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் நசுங்கி வருவார்கள். எட்டு வருஷத்துக்கு முன் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வேலையை விட்டுவிட்டு மதுரைக்குத் திரும்பி, விளாங்குடியில் குடும்பத்துக்குச் சொந்தமான மோட்டார் பட்டறையில் உட்கார்ந்துவிட்டான். கிளம்புவதற்கு முன் கடைசியாக அவன் காய்ச்சியது ஒரு கறுப்பு பீர். கடுமையானது. பத்து வருஷம் இருட்டில் கிடந்து பக்குவப்படட்டும் என்று கணக்குப் போட்டுக் காய்ச்சியது. முதலாளி நினைவாகச் சில பாட்டில்களைக் கொடுத்தார். ஆரம்பத்தில் ஒன்றிரண்டைத் திறந்தான், 'இன்னும் பச்சையா இருக்கு' என்று விட்டுவிட்டான். இப்போது மிச்சம் இரண்டே பாட்டில்.

போனில் அவன் சொன்னது இது: "மாப்ள, ஒரு பாட்டிலைத் தொறக்கப் போறேன். நீ வந்து குடிச்சுட்டுச் சொல்லணும். எனக்கு மூக்கு செத்துப் போச்சுடா."

மூன்று வருஷத்துக்கு முன் அவனுக்கு வந்த காய்ச்சல் எனக்குத் தெரியும். போன வாசனை திரும்பி வரவே இல்லை என்பது தெரியாது. மனைவி வாசுகியைத் தவிர யாரிடமும் அவன் சொல்லவில்லை. இப்போது பெங்களூரில் அவனிடம் வேலை பழகிய பையன் ஒருவன் வளர்ந்து, சொந்தமாகக் காய்ச்சும் இடம் தொடங்குகிறானாம். தலைமைக் காய்ச்சுநராக வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறான். அந்தப் பழைய கறுப்பு பீர் இருந்தால் ஒரு பாட்டில் கொண்டு வாருங்கள் என்றும் கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "அது நல்லா இருந்தா என் கை இன்னும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். மூக்குக்கு வேணா ஒரு ஆள வச்சுக்கலாம். நல்லா இருந்தா போறேன், இல்லேன்னா மோட்டாரே கதின்னு கெடக்குறேன்" என்றான். ஒரு மனிதன் ஊரைவிட்டுப் போவதும் போகாததும் என் நாக்கில் இருக்கிறது என்றால், அந்த நாக்கு கொஞ்சம் நல்ல நிலையில் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக் கடத்த முடியாது.

மதுரைக்குச் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஜன்னல் ஓரம் கிடைத்தது, வெயில் விழுகிற பக்கம். பையில் காபி மாதிரிகள் இருந்தன. டிக்கெட் கிழித்த நடத்துநர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னண்ணே பையில? வண்டியே மணக்குதே."

"காபிக்கொட்டை."

"கொடுத்துவச்ச ஆளுண்ணே நீங்க. நாள் பூரா இந்த வாசத்துலேயே இருக்கலாம்."

எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. களைத்த மூக்கு தன்னிடம் இருப்பதைத்தான் முதலில் மறக்கும். மூன்று வருஷமாக அழகுக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கிறதோ என்று தோன்றியது. நிலக்கோட்டையில் பூ மூட்டைகள் ஏறின. இடதுபக்கம் சிறுமலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வாடிப்பட்டி தாண்டித் தென்னையும் வயலுமாகக் கொஞ்ச தூரம் கண்ணுக்கு நன்றாக இருந்தது, பிறகு தூங்கிவிட்டேன். சமயநல்லூரில் யாரோ என் தோளில் சாய்ந்து தூங்குவதை உணர்ந்து விழித்தேன். எழுப்ப மனம் வரவில்லை, சக்தியும் இல்லை.

மதியம் ஒன்றரை. விளாங்குடியில் இறங்கினேன். திண்டுக்கல் சாலையில் நிழல் என்று ஒன்று கிடையாது. லாரி கிளப்பிய புழுதியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அழகு ஸ்கூட்டரில் வந்தான். முன்தலை ஏறியிருந்தது, வயிறு இறங்கியிருந்தது. கட்டிப்பிடித்தான். "ஆளே வத்திப் போயிட்டியே மாப்ள" என்றான். "நீ எனக்கும் சேத்து ஊதியிருக்க" என்றேன். இருபத்தைந்து வருஷ நட்பில் நலம் விசாரிப்பு இவ்வளவுதான்.

பட்டறை என்பது கிணற்று மோட்டார்களின் ஆஸ்பத்திரி. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செப்புக்கம்பியை உருவிவிட்டு, புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார்கள். சுவரோரம் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. வார்னிஷ் நெடி எனக்கே தொண்டையைக் கமறியது. அழகு அதற்குள் சாதாரணமாக உட்கார்ந்து எனக்கு மோர் ஊற்றினான். கம்பி சுற்றிக்கொண்டிருந்த கருப்பையா அண்ணன் எழுந்து வந்து வணக்கம் சொன்னார். அழகின் அப்பா காலத்திலிருந்து பட்டறையின் மேஸ்திரி அவர்.

பின்கட்டில் ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. குளிர்விக்கும் இயந்திரம் செத்துப்போய்ப் பல காலமாகிறது. அழகு அதைத் தட்டிக் காட்டினான். "சுவரு அம்புட்டும் தெர்மாகோல் மாப்ள. வெளிய என்ன வெயில் அடிச்சாலும் உள்ள பெருசா மாறாது. இருட்டு. ஆட்டம் அசைவு கிடையாது. நானே கைய வைக்கிறதில்ல, பாத்துக்க." குரலில் அவ்வளவு பெருமை. பிறகு மூடியைத் தூக்கினான்.

உள்ளே மரத்தூளுக்கு நடுவில் இரண்டு பாட்டில்களும் நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக நின்றன. ஒரே பொட்டோடு நிற்கவில்லை. பொட்டின் மேல் பொட்டு, காய்ந்து வெடித்த சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம். ஒட்டியிருந்த தாள் இருந்த இடமே தெரியவில்லை.

"அண்ணே" என்று கூப்பிட்டான் அழகு. "கருப்பையாண்ணே, இங்க வாங்க. யாரு பண்ணது இது?"

"நான்தான் தம்பி" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "ஆயுத பூசைக்கு அம்புட்டுச் சாமானையும் வெளிய எறக்கி, பழைய பொட்டு அழியாம ஈரத்துணியால துடைச்சு, மாடியில காயவச்சு, பொட்டு வச்சுத்தான திரும்ப அடுக்குறது."

"இதையுமா?"

"பின்னே? கடையில கெடக்குற ஸ்பேனருக்கே பூசை உண்டு. இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? நீங்க தனியாப் பெட்டி போட்டு வச்சிருக்கீங்க, ஏதோ முக்கியமான சாமான்னு நெனச்சேன். வருசம் தவறாமப் பண்ணிருக்கேன்."

"மாடியில எம்புட்டு நேரம் இருக்கும்?"

"காலையில வச்சா சாயங்காலம் பூசைக்குத்தான் எறக்குறது. நல்லாக் காஞ்சுரும்."

பூசை நாளில் அழகு முதலில் கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கும் அவர்கள் தோட்டத்து மோட்டார் அறைக்குப் போய்விடுவான். அங்கே பூசையை முடித்துவிட்டுப் பட்டறைக்கு வரும்போது சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் எல்லாச் சாமானும் இடத்துக்குப் போயிருக்கும், பூசணிக்காய் உடைப்பதுதான் பாக்கி. பெட்டியில் அடுக்கி வைத்த பிறகு அவன் அதன் மூடியைத் திறந்து பார்த்ததே இல்லை. பீருக்கு வெயிலும் ஆகாது, சூடும் ஆகாது. மாடித் தளத்தில் ஒரு பகல் முழுக்க, ஒவ்வொரு வருஷமும். அழகு ஒரு மோட்டார் மேல் உட்கார்ந்துவிட்டான்.

கருப்பையா அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "கெட்டுப் போச்சா தம்பி? என்ன மருந்து அது?"

"மருந்து இல்லண்ணே. பீர். குடிச்சாத்தான் தெரியும்."

"குடிக்கிற சரக்கா!" அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அடப்பாவி மக்கா. சரக்குப் பாட்டிலுக்கா சாமி முன்னாடி சூடம் காட்டினேன்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அழகும் சிரித்துவிட்டான், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. சிரித்து முடித்த பிறகு அந்தத் தண்ணீரை அவன் உடனே துடைக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணி. பாட்டில்களைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன். வைகைப் பாலத்தைத் தாண்டினால் மறுகரையில் கோச்சடை. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது, மற்றபடி புல்லும் எருமையும். அழகு ஓட்டிக்கொண்டே சொன்னான்: "செத்துருக்கும் மாப்ள. இருந்தாலும் நீ குடிச்சுப் பாத்துச் சொல்லிரு. நீ சொல்லாம எனக்கு மனசு ஆறாது." நான் சரி என்றேன். இடுப்பு வலித்தது. வீட்டில் வாசுகி இட்லியும் தக்காளிக் குழம்பும் வைத்திருந்தாள். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். நல்ல குழம்பு என்று ஊகித்தேன், நாக்கு எதையும் உறுதி செய்யவில்லை. எட்டரை மணிக்கே படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. எழுந்து வந்தபோது கூடத்தில் ஒரு காட்சி. அழகு கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரில் வாசுகி நாலு சின்னக் குப்பிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அவன் மூக்கின் கீழே நீட்டுகிறாள். கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம், ரோஜா. மூக்கைப் பழக்கினால் ஒருவேளை திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் செய்கிறார்கள்.

"இது?"

"எலுமிச்சை."

"கிராம்பு" என்றாள் வாசுகி, பிள்ளைகளிடம் விடைத்தாள் கொடுக்கும் குரலில். "பரவால்ல. இது?"

தைலக் குப்பியை அவன் ரொம்ப நேரம் முகர்ந்தான். நான் வாசற்படியில் நிற்கிறேன், எனக்கே வருகிறது. "லேசா எரியுது. வாசம் வரல" என்றான்.

பிறகு அவன் பெட்ரோல் போட்டு வரக் கிளம்பினான். வாசுகி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"அது எப்படி இருந்தாலும், நல்லா இல்லன்னு சொல்லிருங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"போன மாசம் அடுப்பு அணைஞ்சு கேஸ் வந்துக்கிட்டே இருக்கு. இவரு அதே அடுப்படியில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு. நான் வந்து ஜன்னலைத் தொறந்தேன். இந்த மூக்க வச்சுக்கிட்டு அங்க போய் எத்தன நாளைக்கு மறைக்க முடியும்ணே? ஒரு அண்டா கெட்டுச்சுன்னா தெரிஞ்சுரும். இவருகிட்ட கத்துக்கிட்ட பசங்க முன்னாடி தலையக் குனிஞ்சு நின்னுட்டு வருவாரு. நான் சொன்னா, பயந்து சொல்றேன்னு நெனப்பாரு. நீங்க சொன்னா கேப்பாரு." அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு ஒரு வார்த்தைதானண்ணே."

பார்க்கலாம்மா என்று மட்டும் சொன்னேன். எனக்குக் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. மலையிலிருந்து நேரே சென்னைக்குப் போயிருந்தால் இந்நேரம் என் வீட்டு மெத்தையில் கிடப்பேன். நாக்குக்கு ஓய்வு கேட்டு வந்தவனிடம் ஒருவன் உண்மை கேட்கிறான், ஒருத்தி பொய் கேட்கிறாள், இரண்டு பேரும் நல்லவர்கள். பீர் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால் என் பாடு சுலபம். கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

பதினொரு மணி. கோச்சடையிலிருந்து நாகமலைப் புதுக்கோட்டை வழியாகக் கீழக்குயில்குடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் ஒரு மீன்கடையில் இருபது ரூபாய்க்கு ஐஸ் வாங்கினோம். மீன் வாசம் ஒட்டாதா என்றதற்கு, "எனக்கு ஒட்டாது" என்றான் அழகு. சமணர் மலை ஒரே கல்லாக வெயிலில் கிடந்தது. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில். கல்யாண ஜோடி ஒன்று குளக்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மேலே பாறையில் சமணத் துறவிகள் வெட்டி வைத்த படுக்கைகள் இருக்கின்றன. முன்பு ஒருமுறை ஏறிப் பார்த்திருக்கிறேன், தலைவைக்கும் இடத்தைக்கூட மேடாகச் செதுக்கியிருப்பார்கள். இந்த முறை கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. படுப்பதற்கென்றே ஒருவர் மலை ஏறியிருக்கிறார் என்று நினைத்தபோது அவர் மேல் மரியாதை கூடியது.

ஊரைத் தாண்டிக் கால் மணி நேரம் மண்பாதை. தோட்டத்தில் கொய்யாவும் கொஞ்சம் கத்தரியும் போட்டிருந்தார்கள். வீட்டில் பூசை அறை இருப்பதால் அங்கே பாட்டில் திறப்பது வழக்கமில்லை, எதுவானாலும் தோட்டத்து மோட்டார் அறையில்தான். வாசுகி தன் வண்டியில் சாப்பாட்டு அடுக்கோடு பின்னால் வந்து சேர்ந்தாள். இதற்கெல்லாம் வருகிறவள் இல்லையாம். அழகுக்கு ஆச்சரியம், எனக்கு இல்லை. அவள் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து, எனக்கு நேர் எதிராக உட்கார்ந்தாள்.

அழகு ஐஸிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். ஈரத்தில் ஊறியிருந்த சந்தனத்தைத் துடைக்கவில்லை. "இருக்கட்டும், அண்ணன் ஆசையா வச்சது" என்றான். மூடியை நெம்பியபோது லேசான பெருமூச்சுதான் வந்தது. கண்ணாடி டம்ளரில் என்ஜின் ஆயில் மாதிரி இறங்கியது, அப்படிக் கறுப்பு. மேலே பழுப்பு நுரை ஒரு கோடாக எழுந்து, நான் பார்க்கும்போதே போய்விட்டது.

முகர்ந்தேன். ஒரு மடக்கு எடுத்து வாயில் உருட்டினேன். உப்பு. சோயா சாஸ். அதன் பின்னால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. பழக்க தோஷத்தில் பக்கத்தில் துப்பினேன். செத்துத்தான் போயிருந்தது. ஒரு பொய்யும் சொல்லாமல் வாசுகி கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

"எப்படிடா?" என்றான் அழகு. அவன் கையில் அவன் டம்ளர், தொடவில்லை.

சொல்லியிருப்பேன். ஆனால் என் வேலையில் ஒரு விதி உண்டு, சூட்டில் சொன்ன மதிப்பெண்ணை ஆறியபின் சரிபார்க்க வேண்டும். இங்கே தலைகீழ். ஐஸில் கிடந்தது, குளிர் விடட்டும். "பொறு" என்றேன். வெயில் டம்ளரில் விழும்படி நகர்த்தி வைத்தேன். எப்படியும் வெயில் அதற்குப் புதிதில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தோம். கிணற்று மேட்டில் மைனாக்கள் சண்டை போட்டன. வாசுகி சாப்பாட்டு அடுக்கின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அரைமணி ஆகியிருக்கும், டம்ளரை எடுத்தேன்.

மூக்கருகே வந்ததுமே தெரிந்துவிட்டது. அட்டைப்பெட்டி போயிருந்தது. பேரீச்சம்பழம். அடிபிடிக்கும் நேரத்தில் இறக்கிய கருப்பட்டிப் பாகு. வாயில் வைத்தேன். உலர்ந்த திராட்சை, பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம், அதற்கு அப்புறம் நிதானமாக ஒரு கசப்பு, நான் நன்றாக அறிந்த கசப்பு, கருக வறுத்தும் கருகாத கொட்டையின் கசப்பு. ஒவ்வொன்றும் மற்றதற்கு இடம் விட்டு விலகிப் போனது. ஒரு வாரமாகச் செத்துக் கிடந்த என் நாக்கு எழுந்து உட்கார்ந்தது. துப்பவில்லை. துப்ப வேண்டும் என்ற நினைவே வரவில்லை. விழுங்கிய பிறகும் அது தொண்டையில் நின்று போய்க்கொண்டே இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக ருசி பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன், இப்படி ஒன்றை நான் குடித்ததில்லை.

நிமிர்ந்தேன். அழகு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசுகி என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தைதான் என்று அவள் சொன்னது சரி. கெட்டுப்போச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ருசி வாயில் இருக்கும்போது அது வரவில்லை. நான் நேர்மையானவன் என்பதற்காகச் சொல்லவில்லை. இவன் செய்ததை இவனாலேயே குடிக்க முடியாது, குடித்தவன் நான் ஒருவன்தான், நானும் இல்லையென்று சொல்லிவிட்டால் இப்படி ஒன்று உலகத்தில் இருந்ததாகவே ஆகாது என்று பட்டது.

"நல்லா இருக்குடா" என்றேன். "நான் குடிச்சதுலேயே நல்லது இதுதான்."

அழகின் முகம் சுருங்கியது. "வேணாம் மாப்ள. எனக்காகச் சொல்ற. வருசா வருசம் வெயில்ல வெந்தது எப்படிறா நல்லா இருக்கும்?"

"தெரியல. வெயில்ல வெந்ததாலயும் இருக்கலாம். நீ கணக்குப் போட்ட பீர் இது இல்ல, அது நிஜம். மொதல்ல அட்டைப்பெட்டி அடிச்சுச்சு, துப்பிட்டேன், நீயே பாத்தேல்ல. இப்போ வேற."

"சும்மா சொல்ற."

அவன் நம்பவில்லை. அப்போது வாசுகி எழுந்து வந்து, என் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். வாழ்க்கையில் இதைத் தொடாதவள். இரண்டு கையாலும் பிடித்து முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள், காலையில் அவன் உட்கார்ந்திருந்த அதே மாதிரி. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் ஒரு முகச்சுளிப்புச் சுளித்தால் போதும், காரியம் முடிந்துவிடும்.

"கருப்பட்டி காய்ச்சுற வாசம் வருதுங்க" என்றாள் அவனைப் பார்த்து. "தீபாவளி லேகியம் கிண்டி எறக்குவோம்ல, அந்த மாதிரி. அண்ணன் பொய் சொல்லல. நல்லாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு டம்ளரை என்னிடம் கொடுத்து, மலைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

அழகு தன் டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தான். "கசப்பு தெரியுது. கொஞ்சம் இனிப்பு. அம்புட்டுதான்" என்றான். கொஞ்ச நேரம் காலி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்தான். பெங்களூருக்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வாசுகி திரும்பவில்லை.

"தம்பி, நல்லா இருக்கியா? ஆமா, இன்னைக்குத் தொறந்தோம். பிரமாதமா இருக்குன்னு சொல்றாங்க. சொல்றாங்கப்பா, எனக்குத் தெரியல." எதிர்முனை ஏதோ கேட்டது. "மூக்கு போச்சுடா. மூணு வருசம் ஆச்சு. ஒரு வாசமும் தெரியாது. இல்ல, வைத்தியம் பாத்தாச்சு. இல்லப்பா, நான் வரல. உன்கிட்ட மொதல்லயே சொல்லிருக்கணும், சொல்ல வாய் வரல." போனை மறுகாதுக்கு மாற்றினான். "இன்னொரு பாட்டில் இருக்கு. உனக்குத்தான். நேர்ல வந்து வாங்கிக்க. ஐஸ்ல வைக்காத. அரைமணி நேரம் பொறுத்துக் குடி."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நல்லா இருந்தா போறேன்னுதானடா சொன்ன?" என்றேன்.

"சொன்னேன். நேத்து வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்." அவன் கத்தரிப் பாத்தியைப் பார்த்துப் பேசினான். "கெட்டுப்போச்சுன்னு சொல்லிருந்தா, மூக்கு போனத மறைச்சுக்கிட்டாவது போயிருப்பேன் மாப்ள. ஒண்ணு உருப்படியாப் பண்ணிக் காட்டாம விட்டுட்டமேன்னு உறுத்திக்கிட்டே இருக்கும்ல. இப்பத்தான் பண்ணியாச்சே. இதைவிட மட்டமா ஒண்ணக் காய்ச்சி, அதுக்கு என் பேரைப் போடவா?"

வாசுகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு அடுக்கைப் பிரித்தாள். புளிச்சாதமும் உருளைக்கிழங்கும். மூவரும் தின்றோம். டம்ளரில் மிச்சமிருந்ததை நான் மெதுவாகக் குடித்தேன். கடைசி மடக்கில் பழைய அட்டைப்பெட்டி வாசம் திரும்பி வந்துவிட்டது. அதையும் அழகிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. மதுரை ரயில் நிலையம். டீ பதினைந்து ரூபாய், வாயில் வைக்கும்படி இல்லை. சென்னை வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்து, ஊருக்குப் போனதும் எழுத வேண்டிய மதிப்பெண்களை நினைத்தேன். எண்பத்திரண்டு, எழுபத்தொன்பதரை. அங்கே நான் போடும் எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் அழுவதில்லை, யாரும் ஊருக்குப் போகாமல் நிற்பதில்லை. மேலாளர் 'பார்த்தேன்' என்று ஒரு குறி போடுவார். அந்த வேலைக்குத் திரும்பிப் போவதில் எனக்கு வருத்தமில்லை. களைப்பு மட்டும் இருந்தது, வந்ததைவிட அதிகமாக.

அழகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முந்தின சாயங்காலமும் ராத்திரிச் சாப்பாட்டிலும் அந்த ருசியை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியிருந்தான். இப்போது கேட்கவில்லை. அவனே சொல்ல ஆரம்பித்தான்.

"மொதல்ல சோயா மாதிரி, உப்பா. அப்புறம் சூடு ஏற ஏற பேரீச்சம்பழம். அதுக்கப்புறம் கருப்பட்டி. நடுவுல லேசா ஏலக்காய். முடிக்கிறப்போ கசப்பு, காபிக் கசப்பு, அதோட கடைசியில வெண்ணெய் மாதிரி வழுவழுன்னு ஒண்ணு தொண்டையில நிக்கும். இல்லடா?"

குடித்தவன் சொல்வது போலக் கண் பாதி மூடியிருந்தது. அதில் ஏலக்காய் இல்லை. வெண்ணெயும் இல்லை. கடைசியில் வந்தது அட்டைப்பெட்டி.

வண்டி நகர்ந்தது. "ஆமாடா" என்றேன்.